கறுப்பு வேட்டியோடு கொடுத்த ரத்தம்

எனக்குப் பயம் கூடவே பிறந்தது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு லாரிக்கு வந்தவன் நான். இருபது வருடத்துக்கு மேலாக அரியலூரிலிருந்து சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறேன். தார்ப்பாய்க் கயிற்றை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் இன்றுவரை வண்டியை எடுத்ததில்லை. டயரைத் தட்டிப் பார்ப்பேன். பத்தடி போனதும் நிறுத்தி இறங்கி இன்னொரு தடவை தட்டிப் பார்ப்பேன். "இவன் தூங்கறப்பகூட ஹேண்ட் பிரேக் போட்டுட்டுத்தான் தூங்குவான்" என்று லாரி நிற்கும் யார்டில் கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்டவன் ஒரு மத்தியானம் எதையும் பார்க்காமல் நடந்துகொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன். இதில் யார் பேரும் இல்லை, என் பேரும் இல்லை.

தீபாவளி முடிந்த வாரம் அது. பெரம்பலூர் தாண்டி நான்குவழிச் சாலையில் போகும்போது கிளட்ச் பிளேட் போய்விட்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, சாமான் திருச்சியிலிருந்து வர வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனான். அதே ஃபாக்டரிக்கு ஓட்டும் என் கூட்டாளி ஒருத்தன் அந்த வழியாக வந்தவன் வண்டியை ஓரங்கட்டினான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். சாலைக்கு அந்தப் பக்கம் மூடிக்கிடந்த பரோட்டாக் கடையைக் கண்ணால் காட்டினான்.

"மாப்ள, ரெண்டு நாளும் டயரையே தட்டிக்கிட்டு இருக்கப் போறியா? அங்க ஒரு ஆளு இருக்கும். நான் சொன்னேன்னு சொல்லு."

"போடா, எனக்கு அதெல்லாம் வாணாம்."

"நீ சரிப்பட மாட்ட" என்று சிரித்துவிட்டு வண்டியேறிப் போய்விட்டான்.

வீட்டில் சண்டை, அதனால் போனேன் என்று எழுதினால் அது பொய். என் பெண்டாட்டிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெயில், சும்மா கிடக்கும் வண்டி, யாரும் என்னைப் பார்க்காத ஓர் இடம். அவ்வளவுதான். மறுநாள் மத்தியானம் சாலையைக் கடந்து போனேன்.

அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள். மூட்டை முடிச்சு கிடந்த பின்னறையில் விசிறி மட்டும் புதிதாக இருந்தது. கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"போட்டுக்கங்கண்ணே."

எனக்கு அதை எப்படிப் பிரிப்பது என்றே சரியாகத் தெரியாது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தொட்டதில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டேன். வெட்கத்தை வீராப்பாக மாற்றி, "எனக்கு வேணாம். நான் சுத்தமான ஆளு" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வர்றவங்க எல்லாம் அதைத்தான் சொல்றாங்க. நான் சுத்தமான்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறீங்களே."

அதற்கு நான் சிரித்தேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். நான் பிடிவாதமாக நின்றேன். அவளுக்கு அன்றைக்கு என்ன கஷ்டமோ, மூன்றாவது தடவை சொல்லவில்லை. பாக்கெட்டை மறுபடி கைப்பையில் போட்டுக்கொண்டாள். அந்தப் பையின் ஜிப் மூடிய சத்தம் இப்போதும் எனக்குக் காதில் விழும்.

சாலையைத் திரும்பிக் கடந்து லாரிப் படியில் கால் வைத்ததுமே பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. பிறகு அது இறங்கவே இல்லை.

ஊருக்கு வந்ததும் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று விரலால் அமுக்கி அமுக்கி, அமுக்கிய இடமே வீங்கிவிட்டது. ஒரு தும்மல் வந்தால் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. எய்ட்ஸ் வந்தால் எடை குறையும் என்று செல்போன் வீடியோவில் ஒருத்தர் பேசிக் கேட்டேன். அதிலிருந்து அரியலூர் பஸ் ஸ்டாண்டு எடை மெஷினில் தினமும் ஏறினேன். அது போதாதென்று ஃபாக்டரி எடைமேடையில் வண்டியை ஏற்றும்போது என்னை வைத்து ஒரு எடை, நான் இறங்கி நின்று ஒரு எடை போடச் சொன்னேன். "யோவ், இது லாரி போடுற மேடை. இருபது கிலோ முன்னப்பின்ன காட்டும். நீ என்ன மூட்டையா?" என்று எடை போடுபவர் கத்தினார். பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன.

பெண்டாட்டி பக்கத்தில் படுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. எனக்கு வந்திருந்தால் அது என்னோடு போகட்டும், அவளுக்குக் கொடுக்கக் கூடாது. அது ஒன்றில் மட்டும் தெளிவாக இருந்தேன். நாலைந்து நாள் முதுகுவலி என்று சொன்னேன். அவள் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து தேய்க்க உட்கார்ந்தாள். அவள் கை பட்டதும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். "என்னங்க, தொட்டாச்சுருங்கியா ஆயிட்டீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

அப்போதுதான் கார்த்திகை பிறந்தது. முதல் தேதி காலையில் யார்டில் நாலு பேர் மாலை போட்டுக் கறுப்பு வேட்டியில் வந்து நின்றார்கள். எனக்கு ஒரு வழி கிடைத்தது. அன்றே கோயிலுக்குப் போய்க் குருசாமி கையால் நானும் மாலை போட்டுக்கொண்டேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. பக்தியில் போட்ட மாலை இல்லை அது. மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் தனிப்பாயில் படுக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதற்காகப் போட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடம் கழித்து மனிதனுக்குச் சாமி எண்ணம் வந்ததே என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்னே எழுந்து குளித்துச் சமைத்தாள். "சாமி, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். மாலை போட்டவர்களை எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்ற மகளே என்னைச் சாமி என்றாள். அந்தச் சொல் ஒவ்வொரு தடவையும் முதுகில் அடி மாதிரி விழுந்தது.

கூட்டாளி மட்டும் விடவில்லை. ஒருநாள் லோடு ஏற்ற முறை வரும் வரை வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தோம்.

"என்னடா சாமி, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொல்லிவிட்டேன். உறை போடாமல் போனதையும் சொன்னேன். அவன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி சாதாரணமாகச் சொன்னான்.

"இதுக்கா இப்படி? வர்ற ஞாயித்துக்கிழம ஓனருங்க சங்கத்துல ரத்த தானம் வைக்கிறாங்கல்ல, போய்க் குடு. நான் வருசா வருசம் அதான் பண்றேன்."

"ரத்தம் குடுத்தா?"

"எடுக்கிற ரத்தத்தை எல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் ஏத்துவாங்க. ஏதாச்சும் இருந்தா போன் பண்ணிக் கூப்புடுவாங்க. நாலஞ்சு நாள்ல போன் வரலன்னா நாம சுத்தம். பெரியாஸ்பத்திரியில போய் வரிசையில நிக்க வாணாம், ஒருத்தன் மூஞ்சியில முழிக்க வாணாம். ஜூஸும் பிஸ்கட்டும் குடுப்பாங்க."

எனக்கு அது பெரிய யோசனையாகப் பட்டது. எங்கள் யார்டில் பாதிப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னான். நம்பிக்கை மையம் என்று ஆஸ்பத்திரியிலேயே ஓர் அறை இருக்கிறது, யாருக்கும் தெரியாமல் இலவசமாகப் பார்க்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த போர்டுக்குக் கீழே நிற்பதை ஊர்க்காரன் ஒருத்தன் பார்த்துவிட்டால்? ரத்த தான வரிசையில் நின்றால் மரியாதை. அதைத்தான் கணக்கில் எடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நுழைவில் மேசை போட்டு, உதவிக்கு வந்த ஒரு பையன் படிவத்தில் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தான். மஞ்சள் காமாலை வந்ததா, பச்சை குத்தியிருக்கிறீர்களா, ஆபரேஷன் ஆகியிருக்கிறதா. ஒவ்வொன்றாக வந்தது. அடுத்து வெளித்தொடர்பு உண்டா என்றுதான் கேட்பான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் பனியனுக்குள் வியர்வை ஓடியது. கேட்டால் சொல்லிவிடலாம் என்றும் ஒரு மனது, எழுந்து ஓடிவிடலாம் என்றும் ஒரு மனது.

பையன் என் மாலையைப் பார்த்தான். கறுப்பு வேட்டியைப் பார்த்தான். நெற்றியில் சந்தனத்தைப் பார்த்தான்.

"சாமிகிட்டப் போய் இதக் கேட்டா பாவம்" என்று சிரித்துக்கொண்டே, இல்லை என்ற கட்டத்தில் அவனே டிக் அடித்தான். கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டேன்.

ஓனர் வந்து என் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். "பாருங்கய்யா, மாலை போட்ட சாமியே வந்து குடுக்குது" என்றார். கட்டிலில் படுத்திருந்தபோது குழாய் வழியாக என் ரத்தம் பையில் இறங்குவதைப் பார்த்தேன். பார்ப்பதற்கு எல்லோர் ரத்தம் மாதிரித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு போனைக் கையை விட்டு வைக்கவில்லை. குளிக்கும்போது சோப்புப் பெட்டி பக்கத்தில் வைத்துக்கொண்டு குளித்தேன். தெரியாத நம்பர் வந்தால் உயிர் போய்த் திரும்பும். ஒரு தடவை எடுத்தால் லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். அவள் மேல் எனக்கு அப்படி ஒரு அன்பு வந்தது. அஞ்சாவது நாள் கூட்டாளி முதுகில் தட்டினான். "போன் வரலல்ல? அவ்வளவுதான் மாப்ள. இனிமே சாமிய நல்லபடியா கும்புட்டுட்டு வா."

அன்றைக்குத்தான் கொஞ்சம் சோறு இறங்கியது.

மறுநாள் மத்தியானம் யார்டுக்குச் சுகாதாரத் துறையில் வேலை பார்க்கும் ஓர் அம்மா வந்தார். மாதம் ஒருமுறை வருவார். படங்கள் போட்ட அட்டைகளைப் புரட்டிப் பேசிவிட்டு, ஒரு டப்பா நிறைய உறைகளை டீக்கடை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். டிரைவர்கள் கேலி செய்வார்கள், அவரும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பார்.

"அக்கா, இதப் போட்டா மைலேஜ் கெடைக்குமா?" என்றான் ஒருத்தன்.

"மைலேஜ் கெடைக்காது தம்பி, இஞ்சின் சீஸ் ஆவாது" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பிறகு அவர் சொன்னார்: "தப்பு நடந்த உடனே டெஸ்ட் எடுத்து ஒண்ணும் இல்லைன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. உள்ள வந்திருந்தாலும் சில வாரத்துக்கு டெஸ்டுல தெரியாம இருக்கலாம். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை எடுத்தாத்தான் உறுதி."

எனக்குச் சிரிப்பு அறுந்தது. சும்மா கேட்பது மாதிரி கேட்டேன். "ஏங்க, ரத்த தானம் குடுத்தா அவங்களே பாத்துச் சொல்லிடுவாங்கல்ல?"

அவர் அட்டையை மூடினார். "சாமி, டெஸ்டுக்காக யாரும் ரத்தம் குடுக்கக் கூடாது. அங்கயும் அதே கதைதான். ஆரம்ப நாள்ல டெஸ்டுல சிக்காமப் போயிட்டா, அந்த ரத்தம் ஒரு புள்ளத்தாச்சிக்குப் போவும், ஆக்சிடெண்ட் ஆனவனுக்குப் போவும். நமக்கு வந்தது ஒண்ணு. ஒண்ணும் அறியாதவங்களுக்கு நாம ஏத்தி விடுறது இன்னொண்ணு."

கூட்டாளியைப் பார்த்தேன். அவன் டீக் கிளாஸை ஆற்றிக்கொண்டிருந்தான்.

என் பயம் அதுவரைக்கும் என்னைச் சுற்றித்தான் இருந்தது. என் நாக்கு, என் எடை, என் கழுத்து. போன் வரவில்லை என்றால் நான் சுத்தம் என்று நினைத்தேனே, போன் வரவில்லை என்றால் என் ரத்தத்தை யாருக்கோ கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு நிமிடம் நினைத்தேனா? பெண்டாட்டிக்குக் கொடுக்கக் கூடாது என்று தனிப்பாய் போட்டவன், முகம் தெரியாத ஒருத்தருக்குப் பையில் நிரப்பிக் கொடுத்துவிட்டு ஜூஸ் குடித்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் லோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரத்தம் கொடுத்ததற்குத் தந்த அட்டையை எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரி ரத்த வங்கிக்குப் போனேன். அந்தக் கதவுக்கு முன்னால் மூன்று தடவை போய்த் திரும்பினேன். உள்ளே கண்ணாடி போட்ட ஓர் அம்மா மட்டும் இருந்தார்.

"சொல்லுங்க சாமி."

"என் ரத்தத்த யாருக்கும் குடுத்துடாதீங்க."

அவருக்குப் புரியவில்லை. அட்டையை நீட்டினேன். மாலையைக் கையால் மூடிக்கொண்டு, பெரம்பலூர் பக்கம் நடந்ததைச் சொன்னேன். என்றைக்கு என்று கேட்டார், சொன்னேன். படிவத்தில் இந்தக் கேள்வி கேட்கவில்லையா என்றார். கேட்கவில்லை என்றேன். பிறகு அது பாதி உண்மை என்று பட்டது. "கேக்காதது எனக்கு வசதியா இருந்துச்சும்மா" என்றேன்.

அவர் எழுந்து உள்ளறைக்குப் போனார். குளிர்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வர வெகு நேரம் ஆன மாதிரி இருந்தது. கையில் ஒரு பை இருந்தது. பையில் புதிதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

"டெஸ்டுல ஒண்ணும் காட்டலை. அதனால இன்னிக்கு ஒரு கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு ஒதுக்கிட்டோம். பதினோரு மணிக்கு ஏத்தறதா இருந்தது" என்றார். சுவர்க் கடிகாரத்தில் பத்து அடிக்க அஞ்சு நிமிடம் இருந்தது.

 அவரே ஸ்டூலை இழுத்துப் போட்டார். "சொன்னீங்களே, அது போதும். இதைத் தனியா எடுத்து வச்சிடுவோம், யாருக்கும் போவாது. நீங்க பக்கத்துல நம்பிக்கை மையத்துல போய்ப் பேசிட்டு வாங்க." பிறகு கதவைத் திறந்து வெளியே யாரையோ கூப்பிட்டார். "அந்த ஆபரேஷன் கேஸுக்குக் கூட வந்தவங்க யாருங்க? உங்களுக்கு வச்சிருந்த ரத்தம் சரிப்படலை. இந்த குரூப் கையிருப்புல வேற இல்லை. ஓ நெகட்டிவ் ஆளு யாராவது இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க."

அந்த நோயாளியின் புருஷன் ஜெயங்கொண்டம் பக்கத்து ஆள். முந்திரிக் காட்டு வேலைக்காரர் என்று கை காய்ப்பைப் பார்த்தாலே தெரிந்தது. ஒவ்வொரு நம்பராகப் போட்டு, இல்லை, இல்லை என்று வைத்துக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்ததும் என்னைப் பார்த்தார்.

"சாமி, நீங்க என்ன குரூப்புங்க?"

பொய் சொல்ல வரவில்லை. "ஓ நெகட்டிவ்" என்றேன்.

அந்த மனிதர் குனிந்து என் காலைத் தொட்டுவிட்டார். "ஐயப்பனே அனுப்பியிருக்கான். என் வூட்டுக்காரிக்கு நீங்க குடுத்தா ஒண்ணும் ஆவாது சாமி."

"போன ஞாயித்துக்கிழமதான் குடுத்தேன். மூணு மாசத்துக்குக் குடுக்கக் கூடாது" என்றேன். அதுவும் உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அவர் பரவாயில்லை சாமி என்று சொல்லி மறுபடி போனை எடுத்தார்.

எனக்குத் தெரிந்து அதே குரூப் இரண்டு பேருக்கு உண்டு. ஒருத்தன் கூட்டாளி. அவனைக் கூப்பிட விரல் போகவில்லை. இன்னொருத்தன் என் மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. விக்கிரமங்கலத்தில் விவசாயம் பார்க்கிறான். குடி கிடையாது, வெளித்தொடர்பு கிடையாது. அவன் ரத்தத்துக்கு நான் சத்தியம் செய்யலாம். ஆனால் அவன் வந்தால் கேட்பான். கேட்டால் நான் என்ன சொல்வது? அவன் அக்காவிடம் எதையும் மறைக்காத பிள்ளை.

அந்த ஆள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மச்சினனுக்குப் போன் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் சேற்றுக் காலோடு வண்டியில் வந்து நின்றான். "யாருக்கு மாமா? நம்ம ஆளா?"

"நம்ம ஆளு இல்ல. தெரியாதவங்க."

"தெரியாதவங்களுக்கு நீங்க எதுக்கு லோடு விட்டுட்டு வந்து நிக்கிறீங்க?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அவனிடம் எல்லாக் கேள்வியும் ஒன்று விடாமல் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலை நிமிர்ந்து சொன்னதை நான் கதவு பக்கத்தில் நின்று கேட்டேன். ஆபரேஷனைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தார்கள். தன் பெண்டாட்டி பிழைத்துக்கொண்டாள் என்று பிறகு அந்த ஆளே போன் செய்து சொன்னார். என்னையும் சேர்த்துத்தான் வாழ்த்தினார்.

மச்சினன் பஞ்சை அமுக்கிக்கொண்டு வெளியே வந்தபோது நான் நம்பிக்கை மைய வாசலில் இருந்தேன். உள்ளே ஆலோசனை சொல்லும் பெண் மெதுவாகத்தான் பேசினார். தப்பு நடந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் தடுப்பு மாத்திரை தருவதைப் பற்றி டாக்டர் யோசித்திருப்பார் என்றார். அந்த மூன்று நாளும் நான் கண்ணாடியில் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எடுத்த டெஸ்டில் ஒன்றும் இல்லை. தை கடைசியில் மறுபடி வர வேண்டும், அதுவரை வீட்டிலும் உறை இல்லாமல் கூடாது என்று சொல்லி அனுப்பினார். சீட்டை மடித்து இடுப்பில் செருகும்போது மச்சினன் எதிரே நின்றான். தலைக்கு மேலே போர்டு இருந்தது. அவன் அதைப் படித்தான். என் மாலையைப் பார்த்தான்.

வண்டி ஸ்டாண்டு வரை எனக்கு முன்னால் நடந்தான். சாவியைப் போட்டுவிட்டுக் கேட்டான். "அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"இன்னிக்கே சொல்லிடுங்க, மாமா." சாமி என்று சொல்லவில்லை. அது எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது.

அன்று சாயங்காலமே சொன்னேன். அவள் எனக்காகக் குளித்து, பூஜைக்கு விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை துலக்கினாள். கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். புளியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப இந்த மாலை?"

மாலையைத் தொட்டுப் பார்த்தேன். கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"போட்டதைப் பாதியில கழட்டக் கூடாது. நீங்க மலைக்குப் போயிட்டே வாங்க. ஆனா இனிமே உங்களுக்குன்னு நான் விடியக்காலம் எந்திரிக்க மாட்டேன்."

இருமுடி கட்டும் அன்று வீட்டாள்கள் ஒவ்வொருவராக வந்து மூன்று பிடி அரிசி போடுவார்கள். அவள் கூட்டத்தில் பின்னாலேயே நின்றாள். குருசாமி இரண்டு தடவை கூப்பிட்டார். மகளை முன்னால் தள்ளிவிட்டாளே தவிர அவள் வரவில்லை.

மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றினேன். தை முடியும்வரை தனிப்பாய்தான். இப்போது இரண்டு பேருக்கும் காரணம் தெரியும் என்பது மட்டும்தான் வித்தியாசம். கூட்டாளியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, நீயும் வா, இனி அந்தப் பந்தலுக்குப் போகாதே என்றேன். "நீ பயந்தாங்கொள்ளி. ஊரைக் கூட்டுறியா?" என்று கோபித்துக்கொண்டான்.

தை கடைசியில் மறுபடி நம்பிக்கை மையம் போனேன். பெஞ்சில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்தவளின் தலையில் கனகாம்பரம். அவளேதான். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள். மற்றவர்கள் உள்ளே போகும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சுத்தமான ஆளுக்கு இங்க என்னண்ணே வேல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நீங்க...?"

"நாங்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்துடுவோம். எனக்கு ஒண்ணும் இல்ல. போன வாரம்தான் பாத்தாங்க, இன்னிக்கு இதுங்கள அழைச்சிட்டு வந்தேன். அன்னிக்கு நீங்க போனப்புறம் ஒரு மாசம் எனக்கும் தூக்கம் இல்ல, தெரிஞ்சுக்கங்க."

அவளும் பயந்திருப்பாள் என்று இத்தனை நாளில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. மன்னிச்சிடும்மா என்றேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கும் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பேப்பரை ரத்த வங்கி அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டு, "நல்லது. ஆனா அன்னிக்கு வந்து சொன்னது வீண்னு மட்டும் நினைச்சிடாதீங்க" என்றார். வழியில் பஸ்ஸில் அந்தப் பேப்பரை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று தெரியாது. ஆங்கிலம் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று பக்கத்து சீட்டில் இருந்த காலேஜ் பெண்ணிடம் கேட்கலாமா என்றுகூடப் பார்த்தேன்.

வீட்டில் அவள் கையில் கொடுத்தேன். அவள் பத்தாவது வரை படித்தவள். வெளிச்சத்துக்கு வந்து முழுதும் படித்தாள். பேர், வயது, தேதி எல்லாம் சரிபார்த்தாள். மடித்து பீரோவில் ரேஷன் கார்டுக்குக் கீழே வைத்தாள்.

"இனிமே சத்தியமா அப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"சத்தியம்லாம் வாணாம். மாலை போட்டே பொய் சொன்ன ஆளு நீங்க." குரலில் கோபம்கூட இல்லை. "யார்டுல ஒரு டப்பா வச்சிட்டுப் போவாங்கன்னு சொன்னீங்கல்ல? அதுல எடுத்துட்டு வாங்க. வண்டியிலயும் வைங்க, வூட்டுலயும் வைங்க. அது இல்லாம எங்கிட்ட வராதீங்க."

"பேப்பர்லதான் ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கே?"

"அது நேத்து வரைக்கும். நாளைக்கு யாரு கண்டா?"

மறுநாள் யார்டில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அந்த டப்பாவுக்குள் கையை விட்டேன். "மலைக்குப் போயிட்டு வந்த வேகமா சாமி?" என்று ஒருத்தன் கத்தினான். சிரித்தார்கள். கூட்டாளி மட்டும் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்தான். நான் எண்ணாமல் அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கொஞ்சத்தைத் தார்ப்பாய்க் கயிறு வைக்கும் பெட்டியில் வைத்தேன்.

வருடம் ஒன்று ஆகப்போகிறது. அவள் இன்னும் அந்தப் பேச்சிலிருந்து இறங்கவில்லை. நானும் கேட்பதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் மறுபடி பந்தல் போடுகிறார்கள். கூட்டாளி பேர் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். மேசையில் எந்தப் பையன் உட்காருவான், எதைக் கேட்பான், எதை விடுவான் என்று தெரியாது. காலையிலேயே போய் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று, எல்லாக் கேள்வியையும் கேளுங்கள், மாலை போட்டவனையும் கேளுங்கள் என்று சொல்லப் போகிறேன். ஏன் என்று கேட்டால் என் கதையைச் சொல்ல வேண்டிவரும். அதை நினைத்து மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.